ஹவுஸ் சர்ஜன் டியூட்டிக்கு நடுவே மெடிசின் ரிவிஷன்: நீட் பி.ஜி. எழுதும் வேலூர்ப் பிள்ளைகளுக்கு

இது சி.ஆர்.ஆர்.ஐ. (எம்.பி.பி.எஸ். படிப்பின் கட்டாய இன்டர்ன்ஷிப்) செய்துகொண்டே மருத்துவ மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குத் தயாராகிறவர்களுக்கு. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலோ பாகாயம் சி.எம்.சி.யிலோ, வேறு எங்கேயோ பகல் முழுக்க வார்டில் அலைந்துவிட்டு, ராத்திரி மெடிசின் நோட்டைத் திறந்த பத்தாவது நிமிஷம் அதன் மேலேயே தூங்கிவிடுகிறவர்களுக்கு. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். பாடத்தை ஒருமுறை முழுதாகப் படித்தாகிவிட்டது, ஆனால் கேள்வி என்று வந்தால் நான்கு விடையில் இரண்டு சரி போலவே இருக்கும். சீனியர்களைக் கேட்டால் "ரிவைஸ் பண்ணு" என்பார்கள். எப்படிப் பண்ணுவது என்று கேட்டால் சிரிப்பார்கள். முட்டி மோதி எனக்குப் பிடிபட்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்தத் தேர்வு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நீட் பி.ஜி.யில் 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 போகும். 2024இலிருந்து தாளை ஐந்து பகுதிகளாகப் பிரித்துவிட்டார்கள்: பகுதிக்கு 40 கேள்வி, 42 நிமிஷம். ஒரு பகுதி முடிந்ததும் அது பூட்டிக்கொள்ளும், திரும்பிப் போக முடியாது. "தெரியாததைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பழைய உத்தி இங்கே செல்லாது.

எய்ம்ஸ் நடத்தும் இன்னொரு மேற்படிப்பு நுழைவுத் தேர்வான ஐ.என்.ஐ. செட் வருடம் இரண்டு முறை வரும். அதில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். வெளிநாட்டில் படித்து வந்தவர்கள் எழுதும் எஃப்.எம்.ஜி.இ.யில் 300 கேள்வி, 150 எடுத்தால் தேர்ச்சி, தவறுக்குக் கழிப்பதில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எஃப்.எம்.ஜி.இ.யில் ஒரு கேள்வியையும் விடக் கூடாது. நீட் பி.ஜி.யில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால்கூட, கணக்குப்படி கேள்விக்குக் கால் மதிப்பெண் லாபம். இரண்டு விடையை நீக்கிவிட்டால் ஒன்றரை. ஐ.என்.ஐ. செட்டில் குருட்டடிக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆக, ரிவிஷனின் வேலை எல்லா விடையையும் நினைவில் வைப்பது அல்ல. இரண்டு தவறான விடைகளைத் தைரியமாக அடிக்கும் அளவுக்கு வந்தால் போதும்.

2. பேப்பர் வேலையை முன்னாலேயே முடியுங்கள்

இதைக் கடைசி வாரத்துக்கு விட்டால் படிப்பு கெடும்.

கட்டணம்: 2025இல் பொதுப் பிரிவுக்கும் ஓ.பி.சி.க்கும் 3,500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 2,500. கட்டினால் கட்டியதுதான், திரும்ப வராது.

இன்டர்ன்ஷிப் முடியும் தேதி: 2025 தேர்வுக்கு ஜூலை 31க்குள் முடித்திருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். தேதி வருடத்துக்கு வருடம் மாறும். இங்கேதான் பெரிய பொறி. அனுமதித்ததற்கு மேல் லீவு எடுத்தால் அத்தனை நாளும் எக்ஸ்டென்ஷனாகக் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். "படிக்க லீவு" என்று போட்டுவிட்டு அந்தத் தேதியைத் தாண்டிவிட்டால் படித்ததெல்லாம் வீண். லீவு போடும் முன்னால் ஆபீஸில் உங்கள் கணக்கைப் பாருங்கள். வாய்வார்த்தையை நம்பாமல் பதிவேட்டையே பார்ப்பது நல்லது.

ஆவணங்கள்: தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் பதிவுச் சான்று (புரொவிஷனல் போதும்), அரசு அடையாள அட்டை, போட்டோ, கையெழுத்து, கைரேகை ஸ்கேன். விண்ணப்பங்கள் அதிகம் சிக்குவது போட்டோவில்தான். வெள்ளைப் பின்னணி, நிழல் இல்லாமல், அறிவிப்பில் சொன்ன அளவில். ஸ்டூடியோவில் "நீட் பி.ஜி.க்கு" என்று சொல்லியே எடுங்கள். செல்ஃபியை வெட்டி ஒட்டினால் திருத்தச் சொல்லித் திரும்பி வரும். திருத்துவதற்கான நாட்களும் குறைவு. எஃப்.எம்.ஜி.இ. எழுதுபவர்கள், பட்டத்துக்குத் தூதரகச் சான்றோ அப்போஸ்டிலோ வாங்கியாகிவிட்டதா என்று இப்போதே பாருங்கள்.

தேர்வு ஊர்: 2025இல் முதலில் தேர்ந்தெடுத்தவருக்கே முதலில் கொடுத்தார்கள். விண்டோ திறக்கும் நாளில் டியூட்டி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். மாலை பார்க்கலாம் என்று விட்டால் பக்கத்து ஊர்கள் எல்லாம் போயிருக்கும்.

3. மெடிசினுக்கு மூன்று சுற்று வையுங்கள்

முதல் சுற்று பதினைந்து நாள், இரண்டாவது ஆறு நாள், மூன்றாவது இரண்டு நாள். முதல் சுற்றை இப்படிப் பிரிக்கலாம்: இதயம் மூன்று, நரம்பு மூன்று, சிறுநீரகமும் எலக்ட்ரோலைட்டும் இரண்டு, நாளமில்லாச் சுரப்பிகள் இரண்டு. நுரையீரல், கல்லீரல்-குடல், ரத்தம், மூட்டு, தொற்றுநோயும் விஷமும் என்று மீதிக்கு ஒவ்வொரு நாள்.

நரம்பியலில் தொடங்காதீர்கள். பாதி வழியில் மனசு உடைந்துவிடும். எலக்ட்ரோலைட்டில் தொடங்குங்கள்: பகுதி சிறியது, கேள்வி உறுதி, வார்டில் அன்றைக்கே பயன்படும்.

முதல் சுற்று இருபது நாளாக இழுத்தால் பரவாயில்லை. ஆனால் மூன்றாவது சுற்று இரண்டு நாளுக்குள் அடங்கியே ஆக வேண்டும். அடங்கவில்லை என்றால் நோட்டு பெரிதாகிவிட்டது என்று அர்த்தம்.

4. பக்கத்தின் தலைப்பில் நோயின் பெயரை எழுதாதீர்கள்

எனக்கு ரிவிஷன் பிடிபட்டதே இந்த இடத்தில்தான். கேள்வியில் நோயின் பெயர் இருக்காது, நோயாளிதான் இருப்பார். நம் நோட்டிலோ "ஸ்கிரப் டைஃபஸ்" என்று தலைப்புப் போட்டுப் பன்னிரண்டு வரி இருக்கும். தலைப்பைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு பிரமை. தலைப்பை மறைத்துவிட்டால் ஒன்றும் நிற்காது.

அதனால் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாக மடியுங்கள். இடதில் நோயாளி எப்படி வருகிறார். நடுவில் எது உறுதி செய்யும். வலதில் முதலில் என்ன செய்ய வேண்டும். ரிவிஷனின்போது இடது பத்தியை மட்டும் பார்த்து மற்ற இரண்டையும் வாயால் சொல்லுங்கள், அப்புறம் பிரித்துப் பாருங்கள். சொல்ல முடியாததை மட்டும் பென்சிலில் வட்டமிடுங்கள். அடுத்த சுற்றில் வட்டங்களை மட்டும் பார்த்தால் போதும்.

நம்ம ஊர் வார்டே பாதியைச் சொல்லிக்கொடுக்கும். பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் காலில் கடி, வீக்கம், ஈறில் ரத்தக் கசிவு என்று வந்தால் விரியன் வகை. செய்ய வேண்டியது இருபது நிமிஷ ரத்த உறைவுச் சோதனை. புது, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். திரவமாகவே ஓடினால் விஷம் உறைவைக் கெடுத்திருக்கிறது. கண்ணாடி என்பதுதான் கேள்வி: பிளாஸ்டிக்கிலும், சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தம்கூட உறையாமல் போகலாம். வலது பத்தியில் ஏ.எஸ்.வி. என்ற விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி, குழந்தைக்கும் அதே அளவு, டெஸ்ட் டோஸ் கிடையாது, ஆறு மணி நேரம் கழித்து மறுபடி உறைவுச் சோதனை. அலர்ஜி வந்தால் தசையில் அட்ரினலின்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் கட்டுவிரியன். தரையில் படுத்துத் தூங்கியவர், காலையில் வயிற்றுவலி, இமை தூக்க முடியவில்லை, கடித்த தடமே தெரியவில்லை. உறைவு நார்மல். நல்ல பாம்புக்கு நியோஸ்டிக்மின் கேட்கும். கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே சேதப்படுத்துவதால் அநேகமாகக் கேட்காது, செயற்கை மூச்சுக்கான குழாயைத் தயாராக வைக்க வேண்டும். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதினால் ஒன்று மற்றதை ஞாபகப்படுத்தும்.

5. குழப்பும் ஜோடிகளைச் சேர்த்தே படியுங்கள்

மழைக்காலக் காய்ச்சல் நான்கையும் ஒரே பக்கத்தில் போடுங்கள்.

டெங்கு: ரத்தச் சோதனையில் முதல் ஐந்து நாள் என்.எஸ்.1, அப்புறம் ஐ.ஜி.எம். காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து. பிளேட்லெட் இறங்கும்போதே ஹிமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறினால் உஷார்.

ஸ்கிரப் டைஃபஸ்: அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்துக்குக் கீழே என்று மறைவான இடத்தில் சிகரெட் சுட்ட மாதிரி கருப்புத் தழும்பு. வெயில்-ஃபீலிக்ஸ் ரத்தச் சோதனையில் ஓ.எக்ஸ்.-கே. பாசிட்டிவ். மருந்து டாக்ஸிசைக்ளின். தீவிர நோய்க்கு டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. அதை முன்னின்று நடத்தியது வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள்தான். தேர்வு வைப்பவர்களுக்கு இப்படிப்பட்ட புதுச் சரக்கு பிடிக்கும்.

லெப்டோ (எலிக்காய்ச்சல்): கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆனால் பீளை இல்லை, மஞ்சள் காமாலையோடு சிறுநீரகப் பாதிப்பு. சிறுநீரகம் கெட்டும் பொட்டாசியம் ஏறாமல் இருப்பதுதான் அடையாளம்.

டைஃபாய்டு: முதல் வாரம் ரத்தக் கல்ச்சர். விடால் ரத்தச் சோதனையை மட்டும் பார்த்து விடையை முடிவு செய்யாதீர்கள்.

கருப்புத் தழும்பு என்றதும் ஸ்கிரப் என்று குதிக்க வேண்டாம். கேள்வியில் "தோல் மண்டியில் வேலை செய்பவர்" என்று ஒரு வார்த்தை ஒளிந்திருக்கும். கையிலோ கழுத்திலோ வலியில்லாத கருப்புப் புண், சுற்றிலும் பெரிய வீக்கம் என்றால் அது ஆந்திராக்ஸ். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பிள்ளைகளுக்கு இது மறக்காது. அதே மாதிரி ராணிப்பேட்டை என்றால் குரோமியம் ஞாபகம் வரட்டும்: மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை, நுரையீரல் புற்று.

இதயத்தில் முர்மர் (ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் இரைச்சல்) ஜோடி. எழுந்து நின்றாலோ மூச்சை அடக்கி முக்கினாலோ இதயத்துக்கு வரும் ரத்தம் குறையும், அநேக முர்மர்கள் அடங்கும். இரண்டு மட்டும் கூடும்: ஹெச்.ஓ.சி.எம். (தடித்த இதயத் தசை ரத்தம் வெளியேறும் வழியை அடைப்பது), மைட்ரல் வால்வு புரொலாப்ஸ். கையை இறுக்கிப் பிடித்தால் ஹெச்.ஓ.சி.எம். அடங்கும், மைட்ரல் ரிகர்ஜிடேஷன் கூடும். காரணத்தோடு பிடித்தால் பட்டியலே தேவையில்லை.

6. எண்களுக்குத் தனித் தாள்

ஒரே தாள், இரு பக்கமும். அதற்கு மேல் போகக் கூடாது. என் தாளில் இருந்தவற்றில் சில:

ஆசிட்-பேஸ்: அனயான் கேப் என்பது சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தது. நார்மல் சுமார் 8 முதல் 12. ஆல்புமின் ஒரு கிராம் குறைந்தால் கேப் சுமார் 2.5 இறங்கும். அமிலம் கூடியிருந்தால் பைகார்பனேட்டை 1.5ஆல் பெருக்கி 8 கூட்டுங்கள், அதுதான் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு அழுத்தம், இரண்டு முன்னே பின்னே. ஒரு கணக்கு: சோடியம் 136, குளோரைடு 100, பைகார்பனேட் 12. கேப் 24. கார்பன் டை ஆக்சைடு 26 இருக்க வேண்டும். தாளில் 38 என்றால் மூச்சும் தளர்கிறது, இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது. இந்தக் கணக்கை எண்ணை மாற்றி மாற்றி டீ குடிக்கும் நேரத்தில் போட்டுப் பழகுங்கள்.

சோடியம்: குடிப்பழக்கம், ஊட்டச்சத்துக் குறைவு, கல்லீரல் நோய், பொட்டாசியக் குறைவு இருப்பவருக்கு குறைந்திருக்கும் சோடியத்தை 24 மணி நேரத்தில் லிட்டருக்கு 8 மில்லிமோலுக்கு மேல் ஏற்றக் கூடாது.

பொட்டாசியம் கூடி ஈ.சி.ஜி. மாறியிருந்தால் முதலில் கால்சியம் குளுகோனேட். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைக் காக்கும் அவ்வளவுதான். "குறைப்பது எது", "முதலில் கொடுப்பது எது" என்று இரண்டு கேள்வி வரும், இரண்டுக்கும் விடை வேறு.

நெஞ்சுநீர்: நெஞ்சுநீருக்கும் ரத்தத்துக்கும் உள்ள புரத விகிதம் 0.5க்கு மேல், எல்.டி.ஹெச். (ஒரு என்சைம்) விகிதம் 0.6க்கு மேல், அல்லது நெஞ்சுநீரின் எல்.டி.ஹெச். ரத்த நார்மலின் உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் எக்ஸுடேட். இந்த மூன்று அடையாளங்களில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும்.

வயிற்றுநீர்: ரத்தத்துக்கும் வயிற்றுநீருக்கும் ஆல்புமின் வித்தியாசம் 1.1 அல்லது அதற்கு மேல் என்றால் போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருக்கிறது. அதில் புரதம் 2.5க்குக் குறைவு என்றால் சிரோசிஸ், 2.5க்கு மேல் என்றால் இதயத்தைப் பாருங்கள்.

7. பழைய நோட்ஸ் என்ற பொறி

ஹாஸ்டலில் கைமாறி வரும் ஜெராக்ஸ் நோட்ஸும், டெலிகிராமில் சுற்றும் பி.டி.எஃப்.பும் இலவசம்தான். ஆனால் எந்த வருடத்தியது என்று பாருங்கள். காசநோய்க்கு வாரம் மூன்று நாள் மருந்து என்று இருந்தால் அந்த நோட்டை எடைக்குப் போடுங்கள். இப்போது தினசரி முறைதான், 'கேட்டகிரி 2' என்ற பழைய மருந்து முறையும் போய்விட்டது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு ஆறு மாத பி.பால்.எம். முறை (பெடாகுவிலின், பிரெட்டோமனிட், லைனசோலிட், மாக்சிஃப்ளாக்சசின்) வந்திருக்கிறது. டயபடிக் கீட்டோஅசிடோசிஸுக்கு 2024 ஒருமித்த அறிக்கை நோயைக் கண்டறியும் சர்க்கரை வரம்பை 250இலிருந்து 200க்கும், இன்சுலினை நிறுத்தி வைக்கும் பொட்டாசிய வரம்பை 3.3இலிருந்து 3.5க்கும் மாற்றியது. ருமாட்டிக் காய்ச்சலுக்கு 2015 திருத்தப்படி, நோய் அதிகமுள்ள நாடுகளில் ஒரே மூட்டு வீங்கினாலும் அது மேஜர் (முதன்மை) அடையாளம்.

என் யோசனை: பழைய எண்ணை அழிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். கேள்வியில் இரண்டும் விடைகளாக வந்தால் புதியதைப் போடுங்கள், பழையது மட்டும் இருந்தால் அதையே போட்டுவிட்டு நகருங்கள். தேர்வு மேஜையில் நியாயம் பேச நேரமில்லை.

ஆப் சந்தாதான் இந்தப் பயணத்தில் பெரிய செலவு. ஒன்று போதும். நான்கு பேர் சேர்ந்து ஒரே லாகினில் பார்க்கலாம் என்று காசு போட்டால், தேர்வுக்கு முந்தைய மாதம் கணக்கு முடங்கி நிற்பீர்கள்.

8. கேள்வி போடுவது

நாற்பது கேள்வி, 42 நிமிஷம். போனில் அலாரம் வைத்து இந்த அளவிலேயே பழகுங்கள். தவறியதை முழு விளக்கத்தோடு எழுதி நோட்டை வீங்கவிடாதீர்கள். ஏன் தவறியது என்று ஒரு வரி போதும்: "தெரியாது", "தெரியும், மறந்தது", "கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை". மூன்றாவது வகை அதிகம் இருந்தால் இன்னும் படிப்பதில் பயனில்லை, கடைசி வரியை முதலில் வாசித்துவிட்டுக் கதைக்குப் போகப் பழகுங்கள்.

ஈ.சி.ஜி.யைப் புத்தகத்தில் பார்ப்பதைவிட வார்டில் பாருங்கள். கீழ்ப்பக்க மாரடைப்பு (இரண்டு, மூன்று, ஏ.வி.எஃப்.) வந்தால் வலது பக்க லீடும் எடுத்தார்களா என்று கேளுங்கள். வலது வென்ட்ரிக்கிள் பாதித்திருந்தால் நைட்ரேட் கூடாது. ஒருமுறை கண்ணால் பார்த்தது பத்துமுறை வாசித்ததற்குச் சமம்.

9. எப்போது, எங்கே படிப்பது

2024இலும் 2025இலும் தேர்வு ஆகஸ்டில் வந்தது. அப்படி வந்தால் முக்கியமான ரிவிஷன் சரியாகக் கத்திரி வெயிலில் மாட்டும். வேலூர் வெயிலில் மத்தியானம் ஹாஸ்டல் மாடி அறையில் படிக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விடியற்காலை நான்கரையிலிருந்து ஏழு வரை உருப்படியான நேரம். மத்தியானத்துக்கு மின்விசிறி ஓடும் நூலகமோ, டியூட்டி அறையோ பார்த்துக்கொள்ளுங்கள்.

நைட் டியூட்டி முடித்த பகலில் புதிதாக எதையும் தொடாதீர்கள். தூங்கி எழுந்து இருபது படக் கேள்வி போட்டால் போதும். கடைசி இரண்டு மாதத்துக்கு இலகுவான போஸ்டிங் வரும்படி முன்கூட்டியே மாற்றிக்கொள்ளப் பாருங்கள். எல்லாரும் அதையே கேட்பார்கள் என்பதால் ஆறு மாதம் முன்னாலேயே பேசுங்கள்.

10. கடைசி நாட்களும் தேர்வு நாளும்

கடைசி வாரம் பென்சில் வட்டங்களும் எண் தாளும் மட்டும். முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு மூடிவிடுங்கள்.

சென்டர் சென்னையில் விழுந்தால் முந்தின நாளே காட்பாடியில் ரயில் ஏறிவிடுங்கள். 130 கிலோமீட்டர்தானே, காலையில் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 2025இல் ஒன்பது மணித் தேர்வுக்கு எட்டரைக்கே கேட்டை மூடினார்கள். ஊர் தெரிந்த அன்றே லாட்ஜ் பிடியுங்கள், சென்டர் முகவரி வந்த பிறகு அந்தப் பக்கத்தில் வாடகை ஏறிவிடும். முந்தின ராத்திரி வழியில் ஆம்பூர் பிரியாணி வேண்டாம், இட்லி போதும்.

கையில் எடுத்துப்போக: அட்மிட் கார்டின் பிரிண்ட், கவுன்சில் பதிவுச் சான்றின் ஜெராக்ஸ் (அதை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்), அடையாள அட்டையின் ஒரிஜினல். போனில் காட்டுவது செல்லாது. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். அட்மிட் கார்டு பிரிண்டை இரண்டாக எடுங்கள், ஒன்று கசங்கினால் இன்னொன்று.

எழுதி முடித்துவிட்டு அட்மிட் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள். கவுன்சிலிங்கில் ரேங்க் தாளோடு அதையும் கேட்பார்கள்.